வீட்டுக்காரனும் அலவாங்கும்

கடற்கரையில் புதிதாகத் திறந்த விடுதிக்கு இன்று காலை கணவாய் மீன் கொடுக்கப் போயிருந்தேன். வாசலில் ஒரு கண்ணாடி மீன்தொட்டி. அதற்குள் நம்முடைய வீட்டுக்காரன். இரண்டு விரல் அகலம்கூட இல்லாத வெள்ளை உடம்பு, அதில் மூன்று கறுப்புப் பட்டை. பவளம்போல் பிளாஸ்டிக்கில் செய்த முருகைக்கல்லைத் தன் வீடென்று நம்பிக் காவல் நின்றான். கண்ணாடியில் விரலை வைத்தேன், பாய்ந்து வந்து முட்டினான். அங்கு வேலை செய்யும் பிள்ளை சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தப் பெயர் நீ வைத்தது. கொக்கிளாய்க் கடலில், பவளப் பாருக்குள் சுழியோடி நாம் இருவரும் அலங்கார மீன் பிடித்த காலம். முட்டையைக் காத்து நின்ற ஆண் மீன் ஒருநாள் உன் விரலைக் கடித்துவிட்டது. மேலே வந்து மூச்சு வாங்கியபடி சொன்னாய்: "அவன் வீட்டுக்காரனடா. கேக்காமல் உள்ளிட்டது நாங்கள். கடிக்காமல் என்ன செய்வான்?"

பயந்தால் இந்த மீன் தூர ஓடாது. முருகைக்கல்லின் கிளைகளுக்குள் புகுந்துகொள்ளும். கல்லை உடைத்து வாளிக்குள் உதறினால் அத்தனையும் அகப்படும். பலர் அப்படித்தான் பிடித்தார்கள். நீ மட்டும் சின்ன வலையோடு மணிக்கணக்காகக் காத்துக் கிடப்பாய். போரில் இடம்பெயர்ந்து திரும்பியபோது, கதவும் நிலையும் பிடுங்கப்பட்டிருந்த வீட்டுக்குள் நுழைந்தவன் நீ. நானோ உன்னைச் சாமியார் என்று பகிடி பண்ணுவேன்.

உனக்குக் காய்ச்சல் வந்த கிழமை நான் தனியே போனேன். மீன் வாங்குபவரின் வாகனம் பின்னேரம் வரும், என் வாளியில் ஒன்றுமில்லை. உன் அக்காவைக் கட்டிய அத்தானின் வள்ளத்தில் கிடந்த இரும்பு அலவாங்கை அவரிடம் கேட்காமலே எடுத்துப்போய், நீ பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்தப் பெரிய கல்லை நெம்பிப் பிளந்தேன். வாளி நிறைந்தது. மேலே வந்த அவசரத்தில் அலவாங்கைக் கடலடியிலேயே விட்டுவிட்டேன்.

காய்ச்சல் மாறி வந்த முதல்நாளே, உடைந்த கல்லுக்குப் பக்கத்தில் நீ அதைக் கண்டெடுத்தாய். பிடியில் அத்தான் சுற்றியிருந்த நீல நைலோன் கயிறு. வள்ளத்தில் ஏறி அதை மடியில் வைத்துக்கொண்டு குந்தினாய்.

"அக்கான்ரை மனுசன் இப்பிடிச் செய்வாரெண்டு நான் நினைக்கேல்லை."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. எஞ்சினை இழுத்து இயக்கினேன்.

"நீயே கொண்டுபோய்க் குடு," என்றாய். "நான் இனி அந்த வீட்டுப் படலையைத் திறக்கமாட்டன்."

கொடுத்தால், எங்கே கிடந்தது என்று அவர் கேட்பார். கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சொன்னபடியே நீ அங்கே போவதை நிறுத்தினாய். காரணம் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நான் மட்டும் இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு திரிந்தேன். நினைக்கவே கூசுகிறது.

பிறகு ஒரே நாளில் நெஞ்சு வலித்து நீ போய்விட்டாய். செத்தவீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. "நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்? உன்னட்டையாவது சொன்னவனே?"

"இல்லை அக்கா," என்றேன். முதல் பிழைக்கு வெறும் வாளியைச் சாட்டலாம். இதற்கு எதைச் சாட்டுவது?

இன்று விடுதியிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, அலவாங்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர்களிடம் போனேன். முற்றத்தில் நின்ற அத்தான் நீலக் கயிற்றைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். "இது எங்கையடா கிடந்தது?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அக்கா வந்து வாசலில் நின்று கேட்டா. இருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். அத்தான் அலவாங்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார், அன்று நீ இருந்தது போலவே.

அக்காதான் கதைத்தா. "அண்டைக்கே அவனிட்டைச் சொல்லியிருந்தால், ரெண்டு நாள் உன்னை ஏசியிருப்பான். மூண்டாம் நாள் சிரிச்சுக்கொண்டு உன்னையும் கூட்டிக்கொண்டு இஞ்சை சாப்பிட வந்திருப்பான்."

ஓம், வந்திருப்பாய். அது எனக்கு அன்றைக்கே தெரியும். வள்ளத்தில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எஞ்சினை இழுத்தபோதே தெரியும். அலவாங்கை அவர்கள் முற்றத்தில் விட்டுவிட்டு வந்தேன். தெரிந்தும் சொல்லாமல் விட்ட இதை மட்டும் எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை.