ஐந்தாம் அத்தியாயமும் சொசைட்டித் தண்ணீரும்

10 மே 1999, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் உச்சந்தலையில். எங்கள் ஔந்த் பகுதி முழுக்கத் தண்ணீர்க் குறைப்பு. எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் மூன்று கட்டடம், இனி ஒரு விங்குக்குத் தினம் ஒரு மணி நேரம்தான். மற்ற நேரம் குழாயில் காற்று.

செய்ய வேண்டியவை: கல்லூரி விடைத்தாள் கட்டு. பாப்பாவின் செருப்பு. அத். 5.

அத். 5 என்பது ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். 31-ஆம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எட்டு வருட உழைப்பு. இனி கெஞ்சவும் இடமில்லை.

பொருள், நாடுகளுக்கு நடுவே நிபுணர் ஆட்சி என்ற எண்ணத்தின் வரலாறு. ஐரோப்பாவில் நதிகளை ஆணையங்கள் மேய்த்த காலத்திலிருந்து தொடங்குகிறேன். அரசியல்வாதியிடம் விட்டால் சண்டை, இன்ஜினீயரிடம் விட்டால் அமைதி என்று எத்தனை பேர் மனதார நம்பியிருக்கிறார்கள்! தபால், தந்தி, காலரா, நாணயம், எதை எடுத்தாலும் ஒரு குழு. எனக்கும் அந்தப் பக்கம் ஒரு சாய்வு உண்டு. மறைப்பானேன்.

என் வழிகாட்டி சார், வரைவின் ஓரத்தில் பென்சிலால்: "படகு ஓட்டியவன் எங்கே? நாற்பது பக்கத்தில் ஒருவன்கூட வாய் திறக்கவில்லையே." எரிச்சல். படகுக்காரன் என் தலைப்பிலேயே இல்லை.

12 மே, புதன்

பார்க்கிங்கில் சொசைட்டி மீட்டிங். ஏ விங்குக்கும் பி விங்குக்கும் கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. ரிடையர் ஆன இன்ஜினீயர்கள் மூன்று பேர், திட்டங்கள் நான்கு. ஒருவர் நடுவில் மனம் மாறிவிட்டார்.

சேர்மன் கர்னல் சாகேப் என்னைக் காட்டி ஹிந்தியில் முழங்கினார்: தேசங்களுக்கு நடுவே நதிப் பங்கீடு பற்றி மேடம் டாக்டரேட், மூன்று விங் என்ன பெரிது? இன்னும் டாக்டரேட் ஆகவில்லை என்றேன். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் ரகு: "குழாய்க்கு வாஷர் மாத்தத் தெரியாது. இப்ப நீ எக்ஸ்பர்ட்டு! நல்லாருக்கு போ."

உள்ளுக்குள் ஒரே குஷி.

13 மே, வியாழன்

அட்டவணை தயார். சுழற்சி முறை. இன்று ஏ விங்குக்கு ஆறு மணி, பி-க்கு ஏழு, சி-க்கு எட்டு. நாளை பி முதலில். மறுநாள் சி. யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று நிறத்தில் கோடு போட்டு, கீழே என் பெயருடன் நோட்டீஸ் போர்டில். அத். 5-இல் ஒரு வரிகூட ஏறவில்லை.

பாப்பா: "அம்மா, உன் நேம் போர்டுல வந்துடுச்சு!"

18 மே, செவ்வாய்

இரண்டு நாள் வராத செல்வி இன்று வந்தாள். கட்கியிலிருந்து வருபவள். மூன்று விங்கிலும் சேர்த்து ஆறு வீடு, பாத்திரமும் துணியும். எங்கள் வீட்டில் மட்டும்தான் செல்வி. மற்ற ஐந்து வீட்டிலும், ஏ விங்கில் கர்னல் வீடு உட்பட, வேலைக்கு வரும் எல்லாரையும் போல அவளும் 'மௌஷி', மராத்தியில் சித்தி. பெயர் யாருக்கும் தெரியாது.

"யாருக்கா இந்த டைம்டேபிள் போட்டது? நான் ஏ-ல நிக்கிறப்ப பி-ல தண்ணி. பி-க்கு ஓடினா சி-ல. என்னைக் கண்டாலே ஓடுது!"

கொஞ்ச நேரம் விடைத்தாள் திருத்துவது போல் இருந்தேன். பிறகு ஒப்புக்கொண்டேன்.

"நீங்களா!" சிரித்தே விட்டாள். "வீட்டுக்காரங்களுக்கு அது சரிதான்க்கா. தண்ணில கை வைக்கிறவ நான். ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

சுழற்சியின் நியாயத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"தெனமும் ஏ மொதல்ல, அப்புறம் பி, கடைசில சி. மாத்தவே கூடாது. வேலைக்கு வர்ற ஒம்பது பேரும் அந்த வரிசைலதான் போறோம். சி-ல எட்டு மணிக்கு முன்னாடி யாருக்கா கதவு தொறக்கிறாங்க?"

ஆறு வருடமாக சி விங்குக்கு எதிரே குடியிருக்கிறேன். எனக்குத் தெரியாது.

வெட்கமாக இருந்தது. மத்தியானம் பரண் மேலிருந்த ஷூ பெட்டியை இறக்கினேன். படகுக்காரர்கள் கொடுத்த மனுக்களைப் பற்றி நான்கு குறிப்பட்டைகள். மேலே என் கையெழுத்திலேயே: "தேவையில்லை."

21 மே, வெள்ளி

சாயங்காலம் இடி, பத்து நிமிட மழை. பாப்பா பால்கனியில் வாளி வைத்தாள். மூன்று நாளில் பதினெட்டுப் பக்கம். படகுக்காரர்கள் பேசத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. முடிவுரை மட்டும் பாக்கி.

23 மே, ஞாயிறு

மறுபடி மீட்டிங். என் அட்டவணை தவறு என்றேன். ஒருவரும் ஒப்பவில்லை. சுழற்சி அதற்குள் எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது. கை தூக்கச் சொன்னார்கள். அட்டவணைக்கு எதிராக இரண்டு கை, என்னுடையதும் ரகுவுடையதும். (பிறகு கேட்டதற்கு: "எனக்கு ராத்திரி சோறு வேணும்லா.")

எக்ஸ்பர்ட் முடிவு செய்தபின் நமக்கென்ன பேச்சு என்று கர்னல் கூட்டத்தை முடிக்கப் பார்த்தார். சட்டென்று எழுந்தேன். அப்படியானால் எக்ஸ்பர்ட் என்ற முறையில் சொல்கிறேன், இதோ திருத்திய திட்டம். செல்வி சொன்னதை அப்படியே வாசித்தேன். ஏகமனதாக நிறைவேறியது! ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை.

முடிவுரை கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் படிகளை இரண்டிரண்டாக ஏறினேன்.

24 மே, திங்கள்

செல்வி: "நான் சொன்னதுன்னு சொன்னீங்களாக்கா?"

சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் திட்டம் கவிழ்ந்துவிடுமோ என்று பயம்.

"பரவால்லக்கா. தண்ணி வருதுல்ல." பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. நேற்றைய சந்தோஷம் பாதியாகிவிட்டது.

மாலை போர்டில் நானே புதுத் தாள் ஒட்டினேன். என் பெயர் இல்லை. ஆங்கிலத்திலும் மராத்தியிலும் பெரிதாக: திட்டம் – திருமதி செல்வி.

28 மே, வெள்ளி

சார் நேற்று படித்து முடித்து, "வந்துவிட்டான் படகுக்காரன்" என்று கையெழுத்துப் போட்டார். இன்று பைண்டிங், பல்கலைக்கழக ஆபீஸ், முத்திரை. மூன்று நாள் மிச்சம்! வழியில் ஒரு டஜன் மாம்பழம்.

திரும்பி வந்தால் போர்டின் முன் கர்னல், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு. பிரமாதமான திட்டம் மேடம், இந்தத் திருமதி செல்வி எந்த யூனிவர்சிட்டி என்றார்.

நாளைக் காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டுச் சமையலறையில்தான் இருப்பார், நீங்களே கேளுங்கள் என்றேன்.