ராசாங்கம் ஏறாத மலை

பெரம்பலூர்
28.4.1998

வரைபடமும் கையுமாக அலையும் கணவருக்கு,

நலமா என்று கேட்கவில்லை. சண்டை முடிந்து கால் நூற்றாண்டு கழித்துப் போர்முனைக்குப் போனவருக்கு என்ன ஆகிவிடப் போகிறது!

பாப்பாவுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். பயமாக இருக்கிறது. ஈரத்துணி போட்டு மாற்றுவது மாமாதான். எழுபத்தொன்றாம் வருஷ வங்கதேசச் சண்டையில் அவர் என்ன செய்தார் என்று தேடித்தானே அகர்தலா போயிருக்கிறீர்கள்? உங்களைப் பெற்ற அந்த மனிதர் இங்கே கூடத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை உங்களுக்கு. பழைய பேப்பர் கடையில் பட்டாளத்து மேப்பைத் தோண்டி எடுக்க மட்டும் தெரிகிறது. நல்ல சரித்திர வாத்தியார்!

எப்போது வருவீர்கள்? பாப்பாவுக்கு அப்பா என்கிற உத்தியோகமும் உங்களுக்கு உண்டு.

வெற்றிச்செல்வி

அகர்தலா
6.5.1998

அன்புள்ள வெற்றிக்கு,

பி.ஏ. படித்த வாய், கேலிக்குக் கேட்க வேண்டுமா! மேப்பில் நான் வட்டம் போட்டிருந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டேன். "பக்கத்துல ஒரு மலை இருந்துச்சு" என்று அப்பா சொல்வாரே, அதுதான். உச்சியில் நின்று அழுதுவிட்டேன். மண் எடுத்துப் பையில் கட்டியிருக்கிறேன்.

தெருமுனையில் கல் நாட்டப் போகிறேன். 'மலையைக் கைப்பற்றிய மாவீரர் ராசாங்கம்' என்று கல்தச்சர் அய்யம்பெருமாளிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நம்மைத் தள்ளி நிற்கச் சொன்ன ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் அதைப் படித்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். அப்பாவிடம் படித்துக் காட்டு, சந்தோஷப்படுவார்.

பாப்பாவுக்கு மருந்து கொடு.

அன்புடன்
அறிவரசன்

பெரம்பலூர்
14.5.1998

மலையேறி வந்த மாவீரருக்கு,

மருந்து கொடுக்கச் சொன்னதற்கு நன்றி. எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

மாமாவிடம் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவிவிட்டார்.

"மலை இருந்துச்சுன்னு சொன்னேம்மா. ஏறுனேன்னு எப்பச் சொன்னேன்?"

அப்புறம் அவரே சொன்னார்: "எங்கப்பா ஊருக்கெல்லாம் குழி வெட்டுனாரு. எழவு வூட்டு வாசல்ல நின்னு நெல்லு வாங்கணும். அந்த மம்பட்டியத் தொடக்கூடாதுன்னுதான் பட்டாளத்துக்கு ஓடுனேன். சண்டை ஓஞ்சப்ப எதிராளி பொணமெல்லாம் வயல்ல கெடந்துச்சு. நம்ம ஜில்லாக்கார அவில்தார் ஒருத்தன், 'இவன் எந்தத் தெருன்னு தெரியும் சார், அவங்களுக்கு இது பழக்கம்'னு ஆபீசர்கிட்ட எடுத்துக் குடுத்தான். துப்பாக்கிய வாங்கி வச்சிட்டு மம்பட்டியக் குடுத்துட்டாங்க."

தட்டை எடுத்து ஓரம் வைத்தேன். அவர் நிறுத்தவில்லை:

"எல்லாம் சின்னப் பசங்கம்மா. ஒருத்தன் கால்ல பூட்ஸு ரெண்டும் ரெண்டு அளவு. குழியக் கொறையா வெட்டல நானு. நாய் தோண்டாத ஆழம் வெட்டுனேன். மலைக்குக் கீழ குளம் ஒண்ணு இருக்கும். பொதச்சது அந்தக் கரையிலதான். அங்க ஒரு பத்தி கொளுத்தச் சொல்லு அவன."

கல் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். குளத்தங்கரைக்குப் போய்விட்டு வாருங்கள். மலை இல்லை, அதுதான் உங்கள் அப்பா இருந்த இடம்.

வெற்றிச்செல்வி

அகர்தலா
23.5.1998

வெற்றிக்கு,

இதை யாரிடமும் மூச்சு விடாதே. எந்தக் குழியிலிருந்து ஏறி வந்தோமோ அதையே நாம் ஊர் வாயில் போட வேண்டுமா? அப்பாவுக்கு வயதாகிவிட்டது, குழப்பிப் பேசுகிறார். குளத்துக்கு நான் போகவில்லை. அய்யம்பெருமாளுக்குப் போன் செய்து பேசிவிட்டேன், கல் வீட்டுக்கு வந்துவிடும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்துவிடுவேன்.

அறிவரசன்

பெரம்பலூர்
31.5.1998

அறிவரசன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைச் சாவியோடு பக்கத்து வீட்டு சுந்தராம்பாள் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். பாப்பாவோடு அரியலூருக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது. நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

மாமாவும் கிளம்பிவிட்டார். நான் கூப்பிடவில்லை. "அவன் மாவீரரோட இருக்கட்டும், நான் பாப்பாவோட இருக்கேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டார்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவர் தெருவைச் சொல்லித் துப்பாக்கியைப் பிடுங்கினான் அந்த அவில்தார். நீங்கள் அதே தெருவுக்கு வெட்கப்பட்டு அவரையே பிடுங்கிப் போட்டுவிட்டீர்கள். அவன் வெளியாள். அவனையாவது திட்டிவிட்டுப் போகலாம்.

கல் வந்தது. மாமா தடவிப் பார்த்துவிட்டு, "பேரை மட்டும் எடுத்துரச் சொல்லும்மா" என்றார். அய்யம்பெருமாள் வந்து கொத்தி எடுத்துவிட்டார். வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன். பேர் இருந்த இடம் காலியாக இருக்கிறது.

அங்கே உங்கள் பேரை வெட்டிக்கொள்ளுங்கள். மலை ஏறியது நீங்கள்தானே.

இப்படிக்கு,
குழி வெட்டியவரின் மருமகள்
வெற்றிச்செல்வி