வியாழக்கிழமைக்குள் ஒரு பதில்

அன்புள்ள நெட்டையனுக்கு,

நலமா என்று கேட்கத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன். நேற்று உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, போன் செய்து அழுதாள். எனக்கு வந்தது போலவே உனக்கும் உணவுக்குழாயில் புற்றுநோயாம். ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று வியாழக்கிழமைக்குள் சொல்லவேண்டுமாம். நீ யாரிடமும் பேசுவதில்லையாம். "அண்ணே, நான் நல்லா இருக்கேன்னு ஒரு வரி எழுதுங்க, போதும். நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள்.

அப்படி எழுதமாட்டேன். லிப்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் ஒருவன் பேச்சை நம்பி இன்னொருவன் குழிக்குள் இறங்கியிருக்கிறோம். உன்னிடம் எப்படிப் பொய் சொல்வது?

எனக்கு ஆபரேஷன் முடிந்து பதினான்கு மாதம். உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போல் தைத்து நெஞ்சுக்குள் ஏற்றிவிட்டார்கள். வேளைக்கு ஒரு கைப்பிடி, நாளைக்கு ஏழு வேளை. இனிப்பு கொஞ்சம் கூடினால் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, கண் இருட்டும். தலைமாட்டில் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில்தான் தூக்கம். குனிந்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறும். அதனால் மேனேஜர் என்னைப் புகார் கேட்கும் போனில் உட்காரவைத்துவிட்டார். குரலும் கம்மிவிட்டது. லிப்டில் மாட்டிக்கொண்ட ஒருத்தர், "உள்ள மாட்டியிருக்கறது நான்தானேங்க, நீங்க ஏன் மூச்சு வாங்கறீங்க?" என்றார்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்று. உன் அண்ணி என் எதிரில் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஒருநாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றபடி அள்ளி அள்ளி விழுங்குவதைப் பார்த்துவிட்டேன். தட்டைப் பிடுங்கி எறிந்தேன். "நான் செத்தா போயிட்டேன்?" என்று கத்தினேன். அவள் சிதறியதைப் பொறுக்கிக்கொண்டே, "நீங்க பாத்துக்கிட்டிருந்தா எனக்கு எறங்க மாட்டேங்குது" என்றாள். நாலு நாள் பேச்சில்லை.

போன மாதம் ஒரு வாய் ரொட்டி நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அடுத்த நாள் தண்ணீரும் சிரமப்பட்டுத்தான் இறங்கியது. இருவருக்கும் ஒரே நினைப்பு. குழாய் விட்டுப் பார்க்க ஒன்பது நாள் காத்திருந்தோம். அவள் வீட்டிலிருந்த கண்ணாடியை எல்லாம் துடைத்தாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, "திரும்பி வரல. தையல் போட்ட எடம் சுருங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லி, அப்போதே விரித்துவிட்டார்.

வெளியே வந்ததும் உன் அண்ணி ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, என் எதிரிலேயே, ஒன்று விடாமல் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். எனக்கு அவ்வளவு பசித்தது, நெட்டையா.

தெரிந்திருந்தும் இன்னொரு தடவை அந்த மேஜையில் படுப்பாயா என்று நீ கேட்பாய். படுப்பேன். அந்த ஒன்பது நாளில் எனக்கே அது தெரிந்துபோனது. நாளைக்கு என்ன ஆகும் என்று டாக்டருக்கும் தெரியாது. உனக்கு எப்படிப் போகும் என்று என்னால் சொல்லவும் முடியாது.

வியாழன் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். வேண்டாம் என்று முடிவு செய்தாலும் வருவேன், உன் வீட்டுக்கு. ஆனால் என்னை ஆஸ்பத்திரிக்கு வரவைடா. அதற்கு முன்னால் இன்றைக்கே தங்கச்சியிடம் ஒரு வார்த்தை பேசு. திட்டினாலும் பரவாயில்லை, பேசு.

வழிபார்த்திருக்கும்,
குட்டையன்