வெற்று மாதிரி

ஆழ்கடல் ஆய்வறை, இந்தியப் பெருங்கடல். ஆழம் 2,610 மீட்டர்.
எழுதுபவர்: சிவசைலம், வேதியியலாளர், வயது 68. அறையில் நான் ஒருவன்.

நாள் 11. 08:10
கடலடி வெந்நீர் ஊற்றின் வெப்பம் 304 பாகை செல்சியஸ். ஏழாம் மாதிரியை எடுத்தேன். ஊற்றிலிருந்து வரும் குழாய் அறைச் சுவரைத் துளைத்து உள்ளே நுழைகிறது. குமிழைத் திருகினால், வழியில் குளிர்ந்துவிட்ட ஊற்று நீர் குப்பியில் விழும். அலனின், செரின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டும் இருக்கின்றன.

துறைக்குப் புதியவர் இதைப் படிக்கக்கூடும். அமினோ அமிலங்களுக்கு இரு கைகளைப் போல இரு வடிவங்கள் உண்டு. உயிர்கள் ஏறக்குறைய முழுக்க இடக்கை வடிவத்தையே செய்கின்றன. பாறையும் வெந்நீரும் மட்டும் செய்தால் இரண்டும் சரிபாதி இருக்கும். ஏழாம் மாதிரியில் சரிபாதி. உயிர் தோன்றும் முன்பே கடலடியில் நடந்த சமையல் இதுவாக இருக்கலாம். இருக்கலாம் என்று மட்டுமே எழுதுகிறேன்.

நாள் 11. 11:40
வெற்று மாதிரி ஓட்டினேன். அதாவது, தொட்டியிலுள்ள தூய நீரை மட்டும் கருவியில் செலுத்தினேன். எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தது. அதே அமிலங்கள், சரிபாதி. குப்பியை நான் ஒழுங்காகக் கழுவவில்லை போலும்.

நாள் 12. 09:05
குப்பிகளை உலையில் வைத்துச் சுட்டெடுத்தேன். வெற்று மாதிரி இரண்டு: நேற்றைவிட அதிகம்.

முப்பத்தோராண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்றில் அமினோ அமிலம் கண்டதாக ஒரு கருத்தரங்கில் அறிவித்தேன். அது என் விரல் வியர்வையிலிருந்து வந்தது. அரங்கம் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே மறுபடியும் கழுவுகிறேன்.

நாள் 12. 14:30
மேலே கப்பலிலிருந்து பொறியாளர் ஹெப்சிபா, தூத்துக்குடிக்காரர்:
“சார், இன்னும் பாட்டிலத்தான் கழுவுதீங்களா? மேல வாங்க, மெஸ்ல எச்சிப் பாத்திரம் குமிஞ்சு கெடக்கு, ஆசை தீரக் கழுவலாம். வெளையாட்டு இல்ல சார், சந்தேகம்னா அறைய அமுக்கி வச்சிருக்க எடையக் கழட்டிட்டு மேல ஏறிருங்க.”
இன்னும் ஒரே ஒரு முறை சரிபார்க்கிறேன் என்றேன்.

நாள் 13. 07:50
கரையிலிருந்து வந்த தூய நீர்க்குப்பியின் முத்திரையை உடைத்தேன். வெற்று மாதிரி மூன்று: சுத்தம். கருவியில் பிழையில்லை. என் கையிலும் இல்லை. தொட்டி நீர்தான் கெட்டிருக்கிறது. எவ்வளவு நிம்மதி! தொட்டியைக் காலி செய்து துடைக்கத் தொடங்கினேன்.

நாள் 13. 08:25
ஹெப்சிபாவிடம் சொன்னேன்.
“தொட்டிக்குள்ள ஊத்துத் தண்ணி எப்படி சார் போச்சு? நீங்க ஊத்துனீங்களா?”
“இல்லம்மா.”
“அப்ப சொவத்துல இருந்து வருது. கழுவுனது போதும் சார். இப்பவே ஏறுங்க.”

08:31
தொட்டிக்குப் பின்னுள்ள பலகையைக் கழற்றினேன். குழாய் நுழையும் இடத்தில் அடைப்பு வளையம் அரித்துப்போயிருக்கிறது. சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விழுகிறது. மூன்று நாளாக வெற்று மாதிரி இதைத்தான் சொன்னது. நான் என்னை மட்டுமே சந்தேகித்தேன்.

08:44
இப்போது சொட்டு இல்லை, பீச்சல். எடைகளைக் கழற்றும் பொத்தான் நனைந்து செத்துவிட்டது. அவற்றைக் கையால் கழற்றும் கைப்பிடி பீச்சலுக்குப் பின்னால். இரண்டு முறை கையை நீட்டினேன். கையுறை கிழிந்தது. வலது கைத் தோல் உரிந்துவிட்டது. இடது கையால் எழுதுகிறேன்.
“போட்டிருக்க கோட்டக் கழட்டிக் கையில சுத்திக்கிட்டு இன்னொரு தடவ இழுங்க சார். கேக்குதா? நான் கேலி பண்ணத மனசுல வச்சுக்காதீங்க. இழுங்க சார்!”

08:52
இழுத்தேன். அசையவில்லை. முழங்கால் வரை நீர். ஏழாம் மாதிரியை, அறையிலிருந்து தனியே வெளியேறும் மிதவைப் பெட்டியில் வைக்கிறேன். அறை ஏறாவிட்டாலும் பெட்டி ஏறும். இந்த நோட்டும் அதில். குப்பியின் மூடி தளர்ந்திருந்தது. திருகி மூடுவதற்குள் என் ரத்தம் உள்ளே விழுந்துவிட்டது. மன்னிக்கவும். வேறு எடுக்க நேரமில்லை

08:57
கண்டெடுப்பவருக்கு. அசுத்தம் என்று கொட்டிவிடாதீர்கள். ஊற்றில் இருக்கிறது. இருக்கலாம் அல்ல, இருக்கிறது.
வலக்கை வடிவத்தை அளவிடுங்கள்; அது என் ரத்தத்தில் இல்லை. அதே அளவு இடக்கை வடிவத்தையும் ஊற்றுடையது என்று எழுதிக்கொள்ளுங்கள்.
மீதி நான்