காலைத் தட்டும் கை

ராஜபாளையம்,
18.8.2024

அன்புள்ள சீனியம்மாளுக்கு,

இங்கே நான் சுகம். காது மட்டும் பழையபடிதான். ஓசூரில் நீயும் பானுவும் மாப்பிள்ளையும் பேரனும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன்.

போனில் முகம் பார்த்துப் பேசலாமே, லெட்டர் எதுக்கு என்று பானு கேட்பாள். அதில் படம் நின்று நின்று வருகிறது. நீ வாயை அசைப்பது தெரிகிறது, என்ன சொல்கிறாய் என்று உதட்டைப் பார்த்துப் பிடிக்க முடியவில்லை. நான் தலையை ஆட்டுகிறேன், நீ சிரிக்கிறாய், முடிந்துவிடுகிறது. பொறவு செத்த நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மெசேஜ் அடிக்கவும் விரல் பழகவில்லை. பேனா பிடித்தால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

ஒரு விஷயம் நடந்துவிட்டது. பயப்படாதே.

பத்து நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை, நம் வார்டுக்குத் தண்ணி முறை. நாலரைக்கு நான் போய்த் தெருக் குழாய்க்கு வால்வைத் திறந்திருக்க வேண்டும். நான் ஆறேகால் வரைக்கும் தூங்கிவிட்டேன். எதிர்வீட்டுச் சுடலைமாடத்தி கதவை அரை மணி நேரம் தட்டியிருக்கிறாள். உள்ளே இருப்பவனுக்குக் காது கேட்டால்தானே. கடைசியில் துணி காயப்போடும் கம்பை ஜன்னல் வழியாக விட்டு விலாவில் ஒரு குத்துக் குத்தினாள். எழுந்து வெளியே வந்தால் தெரு முழுக்கக் குடம். எல்லாருடைய வாயும் அசைகிறது. ஒன்றும் கேட்காமல் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான் எனக்கு நல்லதாகப் போயிற்று.

நகராட்சி பிட்டர் வேல்பாண்டி மறுநாள் வந்தான். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேற ஆளைப் போடும்படி ஆகிவிடும் அண்ணாச்சி என்று, எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக, இரண்டு தரம் சொன்னான். கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் தேவலை.

போனை நடுங்க விட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் எழுப்பியது. மூன்றாம் நாள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து, அங்கேயே நடுங்கிக்கொண்டு கிடந்தது. நல்லவேளை, அது தண்ணி முறை இல்லாத நாள். காது மெஷினை மாட்டிக்கொண்டு படுத்தால் காதுக்குள் விசில் அடிக்கிறது. ஒன்பது வருஷமாக நீ என் உள்ளங்காலில் மூன்று தட்டுத் தட்டுவாய், நான் எழுந்துகொள்வேன். அது ஒரு காரியம் என்றே நான் நினைத்ததில்லை.

இரண்டு மாதம் என்று ஆனியில் போனாய். அவசரம் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தவசிமுத்து


ராஜபாளையம்,
29.9.2024

அன்புள்ள சீனியம்மாளுக்கு,

சுகம். சோறு மட்டும் இன்னும் இரண்டு பேருக்கு வடித்துவிடுகிறேன். கை அளவு மாற மாட்டேன் என்கிறது.

நான் ஒரு கடிகாரம் செய்திருக்கிறேன். சிரிக்காதே.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெபா என்று ஒரு அம்மா கடை வைத்திருக்கிறாள். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள் புராஜெக்டுக்கு வயரும் மோட்டாரும் வாங்குகிற கடை. செவிடனை எழுப்புகிற மாதிரி கடிகாரம் உண்டா என்று கேட்கப் போனேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், கடையில் கிடையாது, செய்யலாம், உங்களுக்குக் கை வேலை தெரியுமா என்று எழுதிக் காட்டினாள். இருபத்தாறு வருஷம் மில்லில் மெஷின் பார்த்தவன்மா என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் போனேன், அதுவரைக்கும் முறை நாளில் என்னை எழுப்பியது சுடலைமாடத்தியின் கம்புதான். ஆர்டுயினோ என்று ஒரு சின்ன போர்டு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மூளை அதுதான். நேரம் பார்க்க இன்னொரு குட்டி போர்டு. கை ஆட்ட ஒரு மோட்டார். கம்ப்யூட்டரில் எழுதி ஏற்றியது ஜெபா, ஈயம் வைத்து ஒட்டியது எல்லாம் நான். உன்னைத் தவிர இந்த ஊர் உலகத்தில் யாரும் என்னிடம் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அந்த அம்மா பேசவில்லை, ஆனால் எழுதிக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அதுக்காகவே ஒன்றிரண்டு தடவை சும்மாவும் போனேன் என்று வைத்துக்கொள்.

பால்கோவா வாங்கின பிளாஸ்டிக் டப்பாதான் உடம்பு. கண்ணுக்கு இரண்டு சிவப்பு லைட்டு. மார்க்கர் பேனாவால் மீசை வரைந்தேன், அச்சு அசல் வேல்பாண்டி மாதிரியே வந்துவிட்டது. அவனிடம் சொல்லிவிடாதே. பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஐந்து விரலோடு ஒரு கை. மூணே முக்காலுக்குக் கண் மினுக்கும், கை உள்ளங்காலில் மூன்று தட்டுத் தட்டும். எழுந்து மூக்காக வைத்திருக்கும் பட்டனை அமுக்காவிட்டால், மறுபக்கம் இன்னொரு கையில் மயில் இறகு இருக்கிறது, அது கூச்சம் காட்டும். இறகு யோசனை ஜெபாவுடையது. எழுதிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதல் நாள் காலையில் அசையவே இல்லை. மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மூணே முக்காலுக்கு, ஆள் இல்லாத கட்டிலைத் தட்டு தட்டென்று தட்டிக்கொண்டிருந்தது. காலையா சாயங்காலமா என்று தெரியாமல் குழம்பியிருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், சொல்ல ஆள் இல்லை.

அதைச் சரி செய்த பிறகு ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் நான் விட்ட உதையில் கை பிய்ந்து அடுப்படி வரைக்கும் போய் விழுந்தது. உன்னையும் இப்படித்தான் உதைத்திருக்கிறேனா? இன்னொன்றும் யோசித்தேன். இதுக்கு நேரம் சொல்ல ஒரு போர்டு இருக்கிறது. என்னை எழுப்ப நீ எழுந்தாயே, உன்னை யார் எழுப்பினது? வீட்டில் அலாரம் எதுவும் அடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அடித்தாலும் எனக்குத் தெரியாது. எழுது.

இந்தப் பத்து நாளாக ஒருநாள்கூடத் தவறவில்லை. தெருவில் தண்ணி சரியாக வருகிறது.

இப்படிக்கு,
தவசிமுத்து


ஓசூர்,
12.10.2024

பானு அப்பாவுக்கு சீனியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் கால் வலி எப்படி இருக்கு?

உங்கள் லெட்டரைப் பானு சத்தமாகப் படித்தாள். மயில் இறகு வந்ததும் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆமாம், உதைத்தீர்கள். முதல் வருஷம் எம்புட்டு உதை. பொறவு இடது பக்கமாக நின்று தட்டப் பழகிக்கொண்டேன்.

என்னை யாரும் எழுப்பவில்லை. அலாரம் வைத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை முழித்து அழும் என்று நான் வைக்கவே இல்லை. தூங்கிப்போவோமோ என்ற பயத்திலேயே ஒரு மணிக்கு முழிப்பேன், இரண்டுக்கு முழிப்பேன், மூன்றுக்கு முழிப்பேன். நீங்க போன பிறகு திரும்பப் படுத்தாலும் வராது. சும்மா உட்கார்ந்திருப்பேன். இதைச் சொல்ல என்ன இருக்கு என்று சொல்லவில்லை.

இங்கே வந்த புதுசிலும் அப்படியே முழித்து ஹாலில் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஆறு மணி வரைக்கும் தூங்குகிறேன். பேரன்தான் முடியைப் பிடித்து இழுத்து எழுப்புகிறான். முகம் தெளிஞ்சிருக்கும்மா என்கிறாள் பானு.

பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் இருந்துவிடச் சொல்கிறார்கள். பார்க்கலாம் என்றேன். உங்களை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. இப்போதுதான் மெஷின் வந்துவிட்டதே, இனி அங்கே வந்து நான் என்ன செய்யப்போறேன்? தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று மாப்பிள்ளை சொல்கிறார். இரண்டு பேருக்கு வடிக்காதீங்க, மீந்ததைத் தின்னு வயிற்றைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

சீனியம்மாள்


ராஜபாளையம்,
10.11.2024

அன்புள்ள சீனியம்மாளுக்கு,

உன் லெட்டர் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

தீபாவளி வந்தது, போனது. தெருவெல்லாம் வெடி போட்டார்கள். எனக்கு வெளிச்சமும் புகையும் மட்டும்தான். சுடலைமாடத்தி முறுக்குக் கொண்டுவந்து தந்தாள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், திட்டாதே. உன் லெட்டர் வந்த அன்றைக்கு ராத்திரி அந்தக் கடிகாரத்தின் வயரை நானே பிடுங்கிப் போட்டேன். மெஷின் கெட்டுப்போயிற்று, வேலைக்கு ஆபத்து, நீ வந்தால்தான் ஆகும் என்று உனக்கு எழுதுவதாக இருந்தேன். முதல் வரிகூட மனசில் எழுதிவிட்டேன். கடிகாரம் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் நீ வர மாட்டாய் என்று அதன்மேல் எனக்கு அம்புட்டுக் கோபம்.

ஆனால் மறுநாள் தண்ணி முறை. வயரைப் பிடுங்கிவிட்டுப் படுத்தவனுக்குத் தூக்கம் எப்படி வரும்? லைட்டைப் போட்டு நேரம் பார்த்தேன், பன்னிரண்டே முக்கால். கண்ணை மூடினேன், திடுக்கென்று முழித்தேன், ஒன்றரை. மறுபடி இரண்டு பத்து. மறுபடி மூன்று. மூணே முக்காலுக்கு எழுந்து போய் வால்வைத் திறந்துவிட்டு, திருகின சாவிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றபடியே ஒருதரம் கண் அசந்துவிட்டேன். ஒரு ராத்திரிக்கே இப்படி. நீ ஒன்பது வருஷம். நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, காப்பி ஆறிப்போச்சு என்று உன்னிடம் முகம் சுளித்திருக்கிறேன்.

அந்தப் பொய் லெட்டரை எழுதவில்லை. வயரை மாட்டிவிட்டேன்.

பிறகு இன்னொன்று தோன்றியது. அந்தக் கை தட்டும்போது சத்தம் வருமா வராதா என்று எனக்குத் தெரியாதே. சுடலைமாடத்தியைக் கூப்பிட்டு ஓடவிட்டுக் காட்டினேன். காதைப் பொத்திக்கொண்டு, கடகடன்னு தகர டப்பாவை உருட்டின மாதிரி இருக்கு அண்ணாச்சி என்றாள். திரும்ப ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சத்தம் இல்லாத மோட்டார் வேணும் என்றேன். உங்களுக்குத்தான் கேட்காதே, பின்னே எதுக்கு என்று ஜெபா எழுதினாள். என் வீட்டம்மாவுக்குக் கேட்கும் என்றேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். உள்ளே போய் வேறொரு மோட்டார் எடுத்துவந்து தந்தாள். அடியில் பஞ்சு வைத்தேன், செருப்புக் கைக்குத் துணியால் உறை தைத்தேன். தையல் கோணல்தான். நேற்று சுடலைமாடத்தி உன் தலையணைப் பக்கம் உட்கார்ந்து கேட்டுப் பார்த்துவிட்டு, ஒரு சத்தமும் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

பேரன் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் நீ அங்கே இருக்க வேண்டும் என்று உனக்கே தோன்றினால் இரு. எனக்காகக் கிளம்பி வராதே, எனக்காக அங்கே தங்கவும் செய்யாதே. வந்து நான் என்ன செய்யப்போறேன் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு பத்து நாள் வா. வந்து இந்த வீட்டில் ஆறு மணி வரைக்கும் தூங்கு. நீ தூங்கி நான் பார்த்ததே இல்லை, சீனி.

பேரனுக்குத் தாத்தாவின் முத்தம். நோய்நொடி இல்லாமல் வளரட்டும். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று மட்டும் பானுவை எனக்கு மெசேஜ் போடச் சொல். அதை வாசிக்கத் தெரியும்.

உன்,
தவசிமுத்து