கண்ணட என்று சொன்னவள்

உம்முடைய நினைவுக் கூட்டத்துக்கான நோட்டீஸ் இன்று காலையில் வந்தது. அச்சு மை இன்னும் காயவில்லை; தொட்ட விரலில் ஒட்டிக்கொண்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும், நாம் இருவரும் பசைச் சட்டியோடு சுவர் சுவராக நோட்டீஸ் ஒட்டித் திரிந்த காலம் நினைவுக்கு வந்தது. பின்னாலேயே வயிற்றெரிச்சலும் வந்தது. உம் பெயருக்கு முன்னால் ‘மொழிக் காவலர்’ என்று போட்டிருக்கிறார்கள். பேச்சாளர் வரிசையில் என் பெயரையும் கேட்காமலே சேர்த்திருக்கிறார்கள். செத்தவரைப் பற்றி நல்லது மட்டும்தான் பேச வேண்டுமாம். ஆகையால் மேடையில் சொல்ல முடியாததை உமக்கே எழுதுகிறேன்.

நம் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று நாம் அலைந்த வருடங்கள் அவை. போலீஸ் தேடும்போதெல்லாம் இரணியலில் எங்கள் வீட்டு விறகுப் புரையில்தான் ஒளிந்திருந்தீர். என் அம்மாதான் சோறு போட்டாள். மரச்சீனியும் மீன்கறியும் வைத்தால் சட்டியை வழித்துத் தின்பீர். தின்றுகொண்டே, “அம்மா, மரச்சீனி இல்லெ, மரவள்ளிக் கிழங்குன்னு சொல்லணும்” என்பீர். துவர்த்து என்றால் துண்டு என்று திருத்துவீர். வெள்ளம் என்றால் தண்ணீர்.

“பேரு என்னதுன்னாலும் விக்கலு எடுத்தா வெள்ளந்தான் குடிக்கணும் மக்கா” என்று அவள் சிரிப்பாள். படித்தவர், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எல்லையைப் பற்றி விசாரிக்க வடக்கேயிருந்து அதிகாரிகள் வருகிறார்கள், பள்ளிக்கூட மைதானத்தில் ஜனங்களிடம் பேசுவார்கள் என்று செய்தி வந்தது. அம்மா புறப்பட்டாள். ஊர்வலத்தில் போலீஸ் அடித்து என் தோள் இறங்கியிருந்தது. அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், நாங்களும் தமிழர்தான் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். பெட்டியிலிருந்து கோடிப் புடவை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

நீர் வந்தீர். வாசலிலேயே நிறுத்திப் பரீட்சை வைத்தீர். உம் மூக்கிலிருந்ததைக் கழற்றிக் காட்டி, “இது என்னதும்மா?” என்றீர்.

“கண்ணட.”

“மூக்குக் கண்ணாடின்னு சொல்லணும். நீங்க சொன்னது மலையாளம்.”

“எனக்க அம்மை சொல்லித்தந்த பேராக்கும் மக்கா. அவளுக்கும் மலையாளம் தெரியாது, எனக்கும் தெரியாது. பின்ன அது எப்பிடி மலையாளமாவும்?”

கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கொண்டீர்.

“அம்மா, நீங்க வரண்டாம். அங்க வந்து வாயத் தொறந்தா காரியம் கெட்டுப் போவும்.”

“அடி வாங்கினவன் எனக்க மவனாக்கும்.”

“அதுக்குத்தான் சொல்லுகேன். வீட்டிலெ இருங்க.”

நான் உம் சட்டையைப் பிடித்தேன். ஒரு கைதான் எனக்கு எழும்பியது. “விடுடே, அவன் படிச்சவன்” என்று அம்மாதான் விலக்கிவிட்டாள். பிறகு உள்ளே போய்ப் புடவையை மாற்றினாள். நீரோ நாகர்கோவிலிலிருந்து திருத்தமாகப் பேசும் பெண்களை வண்டியில் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தீர். இரணியல் மைதானத்தில் இரணியல்காரிக்கு இடமில்லை. நாம் தமிழர் என்று காட்டுவதற்காக ஒரு தமிழச்சியை வீட்டுக்குள் அடைத்த புத்திசாலி நீர்!

அதற்குப் பிறகு வெளியாள் வந்தால் அம்மா எந்தப் பொருளின் பேரையும் சொல்லமாட்டாள். கையால் காட்டுவாள். சந்தையில் மீன்காரிகளோடு சரிக்குச் சரி வாயாடியவள், டவுண்காரர்களைக் கண்டால் ஊமையாகிவிடுவாள்.

இணைப்பு நடந்தது. உமக்கு மாலை மேல் மாலை விழுந்தது. அந்த மார்கழியில் கட்சி வேலையாக மதுரைக்குப் போனோம். வேறு வழியில்லாமல்தான் நான் உம்மோடு வந்தேன். ஜவுளிக்கடையில் நின்று, “நல்லதா ஒரு துவர்த்து எடும்” என்றீர்.

கடைக்காரர் உம்மை மேலும் கீழும் பார்த்தார். “என்னங்க கேக்குறீங்க? மலையாளமா?”

உம் முகம் போன போக்கு இருக்கிறதே! நாஞ்சில் நாடு, சுத்தத் தமிழ் என்று நீர் விளக்க விளக்க அவர் சிரித்தார். நானும் அடக்காமல் சிரித்தேன். ஊர் வரும்வரை பஸ்ஸில் என்னை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டீர்.

அம்மாவும் சிரிப்பாள் என்று நினைத்து, வந்ததும் வராததுமாக அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“பின்ன அவனெ கடையவிட்டு எறங்கச் சொன்னாங்களா?” என்று கேட்டாள்.

“இல்லெ. துண்டு எடுத்துக் குடுத்தாங்க.”

“அப்பொ அவனுக்கு ஒண்ணும் ஆவல்லெ” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

அவள் போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது நீரும் போய்விட்டீர். உம் மேலுள்ள கோபம் மட்டும் என்னிடம் இருக்கிறது. வயதாகிவிட்டது, அதை இறக்கி வையும் என்கிறார்கள். மாட்டேன். அவளுக்காகக் கோபப்பட என்னைவிட்டால் வேறு ஆளில்லை.