பதினேழு பேரும் ஒரு தண்ணீர் பாட்டிலும்

அக்கா,

இன்று காலை உங்கள் கை மைக்கைப் பரணிலிருந்து இறக்கினேன். வாய் வைக்கும் இடத்தில் இன்னும், பேசுமுன் நீங்கள் மெல்லும் கிராம்பின் வாசனை. நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. கிராம்பு மட்டும் பதவி விலகவில்லை.

இறக்கிய காரணத்தைச் சொன்னால் எழுந்தே வந்துவிடுவீர்கள். தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டில் பூக்காரப் பெண்களுக்காக நீங்கள் பேசி வாங்கிய கழிப்பறையைப் பூட்டி, அங்கே ஸ்கூட்டர் நிறுத்தப் போகிறார்களாம். நோட்டீஸ் ஒட்டியாயிற்று. "அக்கா இல்ல, அங்கிள். நீங்கதான் பேசணும்" என்று அவர்கள் என் வாசலில் நின்றார்கள். நானோ உங்கள் கூட்டங்களுக்குக் கட்டியம் கூறியவன். நான் ஒருமுறை முழங்கினால் சாமுண்டி மலை நந்தியே திரும்பிப் பார்க்கும். ஆனால் முழங்குவது வேறு, பேசுவது வேறு.

அதை எனக்குக் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? கழிப்பறை கேட்டுக் கூடியிருந்தோம். அதிகாரி வந்து இறங்கியதும் மைக்கைப் பிடித்து, "பத்தாயிரம் பெண்கள் பொங்கி எழுந்து நிற்கிறார்கள்!" என்றேன். அவர் ஒரு சுற்றுப் பார்த்தார். "எங்கய்யா பத்தாயிரம்?" என்று சிரித்தார். பூக்காரிகளே சிரித்துவிட்டார்கள். என் ஒரு வாக்கியத்தில் மொத்தக் கோரிக்கையும் கேலிக்கூத்தாகிவிட்டது.

நீங்கள் மைக்கைப் பிடுங்கினீர்கள்.

"என் தம்பி கணக்குல வீக் சார். பதினேழு பேருதான்." ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி எழுப்பினீர்கள். "காலைல அஞ்சுக்கு வந்து உக்காருறாங்க. ராத்திரி எட்டு மணிக்குத்தான் எந்திரிக்கிறாங்க." பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தீர்கள். "குடிங்க சார். பூரா குடிங்க. குடிச்சிட்டு எட்டு மணி வரைக்கும் இவங்க பக்கத்துல உக்காருங்க. அவசரம்னா எங்க போவீங்க?"

அத்தோடு வாயை மூடிக்கொண்டீர்கள். குரல் உயரவில்லை, கை ஆடவில்லை. இடையில் புகுந்து முழங்கப் போன என் காலை மிதித்தீர்கள். அதிகாரிக்கு வியர்த்தது. அடுத்த மாதமே செங்கல் வந்து இறங்கியது.

ஆட்டோவில் திரும்பும்போது சொன்னீர்கள்: "பத்தாயிரம்னா எவனும் பயப்பட மாட்டான், தம்பி. பதினேழுன்னு சொல்லு, பேரச் சொல்லு. கேள்வியக் கேட்டுட்டு பதில நீயே சொல்லித் தொலைக்காத."

இன்று பத்து மணிக்குப் புது அதிகாரி பூட்டோடு வந்தார். "இருபத்திரண்டு பேர் சார்" என்றேன். என் வரலாற்றிலேயே நான் சொன்ன முதல் நிஜமான எண். பேர்களைச் சொன்னேன். பாட்டிலை நீட்டினேன். உங்கள் கேள்வியைக் கேட்டேன்.

பிறந்து அழுததிலிருந்து ஓயாத வாய் அக்கா இது! உள்ளே ஆயிரம் யானைகள் பிளிறின. மிதிக்க நீங்கள் இல்லை. என் காலை நானே மிதித்துக்கொண்டு நின்றேன்.

"மேல இருந்து ஆர்டர், அங்கிள்" என்றார். பாட்டிலைப் பார்த்தார். அந்த இருபத்திரண்டு முகங்களைப் பார்த்தார். பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பினார்.

வரட்டும். பாட்டிலை நிரப்பி வைத்திருக்கிறேன். கிராம்பும் வாங்கிவிட்டேன்.